மாநிலக் கோர்ட்டில் போட்ட வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்கு எப்படிப் போனது?

உங்கள் கேள்வி இதுதான். உங்கள் தங்கை மகன் எச்1பி விசாவில் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறார். டர்ன்பைக் சுங்கச்சாலையில் ஒரு டிரக் பின்னால் வந்து மோதியதில் இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு முறை அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. டிரக் கம்பெனி மீதும் டிரைவர் மீதும் நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள மாநிலக் கோர்ட்டில் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். நான்கே வாரத்தில், வழக்கு நூவர்க்கில் உள்ள ஃபெடரல் (மத்திய அரசின்) கோர்ட்டுக்குப் போய்விட்டது என்று ஒரு கடிதம் வந்தது. எந்த நீதிபதியும் இவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது செல்லுமா, திரும்பக் கொண்டுவர முடியுமா, ஃபெடரல் என்றால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்கள் தங்கையைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும். விசாவுக்கு ஒன்றும் ஆகாது. ஃபெடரல் கோர்ட் என்றதும் நம் ஆட்களுக்கு சிபிஐ வழக்கு மாதிரி ஒரு பயம் வந்துவிடுகிறது. இது அதே இழப்பீட்டு வழக்கு. இவர்தான் வாதி, அவர்கள்தான் பிரதிவாதிகள். குடியேற்றத் துறைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நடக்கும் கட்டிடம் மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் கட்டிடம் மாறியதை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பதினான்கு வருடமாக நியூஜெர்சியில் வக்கீல் அலுவலகங்களில் பாராலீகலாக, அதாவது வக்கீல்களுக்கு உதவியாளராக, வேலை செய்கிறேன். கெடு தேதிகளைக் காலண்டரில் ஏற்றுவதுதான் என் வேலையில் பாதி. இந்த ஒரு விஷயத்தில் முதல் முப்பது நாளைக் கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை நீளமாக எழுதுகிறேன்.

நம் ஊர் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் இது குழப்பமாகத்தான் இருக்கும். இந்தியாவில் கோர்ட்டுகள் எல்லாம் ஒரே ஏணி. முன்சீப் கோர்ட், மாவட்ட கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட். மாநிலச் சட்டமானாலும் மத்தியச் சட்டமானாலும் அதே கோர்ட்டுதான் விசாரிக்கும். ஒரு ஊரில் நியாயம் கிடைக்காது என்று தோன்றினால் மேல் கோர்ட்டில் மனுப் போட்டு, காரணம் காட்டி, மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு அப்படித்தான் மாறியது. க. அன்பழகன் போட்ட மனுவை விசாரித்து 2003 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதைச் சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு மாற்றியது. அங்கே மாற்றியது கோர்ட்.

அமெரிக்காவில் இரண்டு ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் சொந்தக் கோர்ட்டுகள். அதற்குத் தனியாக, நாடு முழுவதும் 94 ஃபெடரல் மாவட்டக் கோர்ட்டுகள், அவற்றுக்கு மேலே அப்பீல் கோர்ட்டுகள். பெரும்பாலான வழக்குகள், விபத்து, விவாகரத்து, கடன், வீட்டு வாடகை என்று அன்றாடம் வருபவை எல்லாம், மாநிலக் கோர்ட்டில்தான் நடக்கும். ஃபெடரல் கோர்ட் எல்லா வழக்கையும் எடுக்காது. சட்டம் எவற்றை விசாரிக்கச் சொல்லியிருக்கிறதோ அவற்றை மட்டும்தான் அது எடுக்க முடியும். ஒரு வழக்கு இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறது என்றால் வாதி எங்கே போடுவது என்று முதலில் தேர்ந்தெடுக்கிறார். அதற்குப் பதிலாக, பிரதிவாதிக்குச் சட்டம் ஒரு உரிமை தந்திருக்கிறது. மாநிலக் கோர்ட்டில் போட்ட வழக்கை அவர் ஃபெடரல் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதற்குப் பெயர் ரிமூவல்.

இது நேற்று வந்த சட்டம் இல்லை. 1789இல் ஃபெடரல் கோர்ட்டுகளை உருவாக்கிய முதல் சட்டத்தின் 12வது பிரிவிலேயே இருக்கிறது. வெளியூர்க்காரன் ஒருவன் உள்ளூர்க் கோர்ட்டில், உள்ளூர் ஜூரிக்கு (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) முன்னால், உள்ளூர்க்காரனை எதிர்த்து நின்றால் நியாயம் கிடைக்குமா என்ற கவலை அன்றைக்கே இருந்தது. அப்போது வழக்கின் மதிப்பு 500 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். இன்று அந்த வரம்பு 75,000 டாலர். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சொல்லை மட்டும் இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். வழக்கைத் திரும்ப மாநிலக் கோர்ட்டுக்கே அனுப்புவதற்கு இங்கே ரிமாண்ட் என்று பெயர். நம் பேப்பரில் ரிமாண்ட் என்றால் ஆளைச் சிறையில் வைப்பது. தம்பியின் (உங்கள் தங்கை மகனின்) வக்கீல் "ரிமாண்டுக்கு மனுப் போடுகிறேன்" என்று சொன்னதைக் கேட்டு உங்கள் வீட்டில் யாரும் பதறிவிடக் கூடாது. வழக்கு போன வழியே திரும்பி வருவது, அவ்வளவுதான்.

தம்பிக்கு வந்த அந்தக் காகிதக் கட்டின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பக்கத்தின் உச்சியில் ஒரு பட்டை மாதிரி ஒரு வரி ஓடும். வழக்கு எண், ஆவண எண், தாக்கல் செய்த தேதி, மொத்தம் எத்தனை பக்கம் என்று அதில் இருக்கும். கோர்ட்டின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பக்கத்திலும் தானாகவே அச்சிடுவது அது. "ஆவணம் 1" என்று போட்டிருப்பதுதான் ரிமூவல் அறிவிப்பு. அதில் நீதிபதியின் கையெழுத்தைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் நீதிபதி இன்னும் அதைப் பார்க்கவே இல்லை. எதிர்தரப்பு வக்கீல் கையெழுத்துப் போட்டு, 405 டாலர் கட்டணம் கட்டி, மாநிலக் கோர்ட்டில் தங்களுக்கு வந்த சம்மன், வழக்கு மனு எல்லாவற்றின் நகலையும் பின்னால் இணைத்துத் தாக்கல் செய்திருப்பார். அப்புறம் அதன் ஒரு நகலை மாநிலக் கோர்ட் கிளார்க்குக்கும் ஒன்றை உங்களுக்கும் அனுப்ப வேண்டும். அது கிளார்க் கைக்குப் போன நிமிடத்திலிருந்து மாநிலக் கோர்ட் அந்த வழக்கைத் தொடக் கூடாது.

கூடவே ஒரு படிவம் இருக்கும், இரண்டு பக்கம், சின்னச் சின்னக் கட்டங்களாக. வழக்கு எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் இரண்டாவது கட்டத்தில் எக்ஸ் போட்டிருப்பார்கள், "மாநிலக் கோர்ட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது" என்று அர்த்தம். அதற்கு மேலே, ஃபெடரல் கோர்ட்டுக்கு இந்த வழக்கில் என்ன வேலை என்று கேட்கும் கட்டங்கள். அதில் மூன்றாவதைக் குறித்திருக்கிறார்களா, நான்காவதையா என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த ஒரு எக்ஸில்தான் இருக்கிறது.

மூன்றாவது கட்டம், வழக்கே ஃபெடரல் சட்டத்தின் கீழ் எழுகிறது என்பது. இதில் ஒரு பழைய விதி உண்டு. ஃபெடரல் சட்டம் வாதியின் மனுவில் இருக்க வேண்டும், பிரதிவாதி சொல்லப்போகும் பதிலில் இருந்தால் போதாது. இந்த விதிக்குப் பின்னால் ஒரு தம்பதியின் கதை இருக்கிறது, எனக்கு மறக்கவே மறக்காது. 1871இல் ஒரு ரயில் விபத்தில் மாட்லி தம்பதி அடிபட்டார்கள். வழக்குப் போடாமல் இருப்பதற்காக லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வே அவர்களுக்கு ஆயுள் முழுக்க இலவச பாஸ் கொடுத்தது. முப்பத்தைந்து வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. 1906இல் இலவச பாஸ் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது, ரயில்வே பாஸைப் புதுப்பிக்க மறுத்தது. தம்பதி ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய் வென்றார்கள். ஆனால் 1908இல் சுப்ரீம் கோர்ட், யார் சொல்வது சரி என்ற பேச்சுக்கே போகாமல், இந்த வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்கே வந்திருக்கக் கூடாது என்று தூக்கி எறிந்துவிட்டது. அவர்கள் கேட்டது ஒப்பந்தத்தின்படி பாஸ். ஃபெடரல் சட்டம் ரயில்வேயின் சாக்காகத்தான் வரப்போகிறது, அது போதாது என்றது கோர்ட். திரும்ப மாநிலக் கோர்ட்டில் முதலிலிருந்து ஆரம்பித்து, 1911இல் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்து, கடைசியில் தோற்றும் போனார்கள். தவறான வாசலில் நுழைந்ததற்கு அந்த இருவரும் கொடுத்த விலை வருடக்கணக்கு.

ரிமூவலுக்கும் இதே அளவுகோல்தான். டிரக் கம்பெனி "ஃபெடரல் போக்குவரத்துச் சட்டம் எங்களைக் காப்பாற்றுகிறது" என்று வாதாடலாம். அந்த வாதத்தை மாநிலக் கோர்ட்டிலேயே வைக்கட்டும். அதை மட்டும் சொல்லி வழக்கைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சில சட்டங்களுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் கவனக்குறைவாக ஓட்டி மோதியதற்கான சாதாரண விபத்து வழக்கில் அவை பெரும்பாலும் எழுவதில்லை.

அதனால் உங்கள் வழக்கில் எக்ஸ் நான்காவது கட்டத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். இரு தரப்பும் வெவ்வேறு மாநிலக் குடிமக்கள், அல்லது ஒரு பக்கம் மாநிலக் குடிமகன், மறுபக்கம் வெளிநாட்டுக் குடிமகன். நம் ஆட்களுக்கு இந்த இடம்தான் முக்கியம், இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

தம்பி எடிசனில் ஆறு வருடமாக இருக்கிறார், நியூஜெர்சி லைசென்ஸ் வைத்திருக்கிறார், வரி கட்டுகிறார். ஆனாலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் அவர் நியூஜெர்சிக்காரர் இல்லை, இந்தியக் குடிமகன். எதிரில் அமெரிக்கக் கம்பெனி. அப்படியானால் வெளிநாட்டவர், உள்நாட்டவர் என்ற வேறுபாடு இருக்கிறது, கதவு திறந்துவிடும். கிரீன் கார்டு வந்திருந்தால் கதை கொஞ்சம் மாறும். கிரீன் கார்டு வைத்திருப்பவரும் எதிர்தரப்பும் ஒரே மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் என்றால் இந்தக் கதவு திறக்காது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் எதிர்தரப்பு டென்னசியைச் சேர்ந்தவர் என்றால் கிரீன் கார்டு வந்தும் பயனில்லை, கதவு திறந்துதான் இருக்கும்.

இரண்டு பக்கமும் வெளிநாட்டுக் குடிமக்களாக மட்டும் இருந்தால் இந்த நான்காவது கட்டமே பொருந்தாது. எச்1பியில் இருக்கும் ஒருவர் எச்1பியில் இருக்கும் இன்னொருவர் மீது கடன் பாக்கிக்காக வழக்குப் போட்டால் அது மாநிலக் கோர்ட்டிலேயே இருக்கும். இந்தியாவில் பதிவாகி, தலைமையகமும் இந்தியாவிலேயே இருக்கும் ஐடி கம்பெனி மீது ஒரு இந்தியர் சம்பள ஒப்பந்தத்தை வைத்து மாநிலச் சட்டப்படி வழக்குப் போட்டாலும் அப்படியே. இன்னொரு வகை, பலருக்கும் தெரியாதது: அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சென்னைக்கே திரும்பி நிரந்தரமாகத் தங்கிவிட்ட நம் பெரியவர்கள். அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான், ஆனால் எந்த மாநிலத்தின் குடிமக்களும் இல்லை. வெளிநாட்டவரும் இல்லை. அதனால் அவர்கள் ஒரு தரப்பாக இருக்கும் வழக்கை இந்தக் காரணத்தைக் காட்டி ஃபெடரல் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெனிசுவேலாவில் வாழ்ந்த ஒரு அமெரிக்கரைப் பற்றிய வழக்கில் 1989இல் சுப்ரீம் கோர்ட்டே இப்படிச் சொல்லியிருக்கிறது.

கம்பெனிக்கு எது ஊர்? பதிவு செய்த மாநிலம் ஒன்று, அதை நடத்தும் தலைமையகம் இருக்கும் மாநிலம் இன்னொன்று. இரண்டிலுமே அது குடிமகன். தலைமையகம் என்றால் மேலதிகாரிகள் உட்கார்ந்து முடிவெடுக்கும் இடம், ஊழியர்கள் அதிகம் இருக்கும் இடம் அல்ல என்று 2010இல் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் கம்பெனி வழக்கில் முடிவானது. ஆனால் டிரக் கம்பெனிகள் பலவும் எல்எல்சி, அதாவது பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு வைத்த கம்பெனி வகை. எல்எல்சிக்குச் சொந்த ஊர் கிடையாது. அதன் பங்குதாரர்கள் ஒவ்வொருவரும் எந்த மாநிலத்தவரோ அது அத்தனை மாநிலத்துக்கும் குடிமகன். பங்குதாரராக இன்னொரு எல்எல்சி இருந்தால் அதற்குள்ளேயும் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஆள் வாதியோடு ஒரே குடியுரிமையில் சிக்கிவிட்டாலும் மொத்தக் காரணமும் உடைந்துவிடும், ஏனென்றால் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் யாரோடும் பொருந்தக் கூடாது என்பது 1806ஆம் வருடத்துத் தீர்ப்பு. 2022 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு தரப்பும் தன் பங்குதாரர்களின் குடியுரிமையை எழுதித் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அந்தத் தாளை வக்கீல் வரிக்கு வரி படித்தாரா என்று கேளுங்கள். "எங்கள் உறுப்பினர்கள் யாரும் நியூஜெர்சியைச் சேர்ந்தவர்கள் இல்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் விடக் கூடாது.

தொகை 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். சரியாக 75,000 என்றால் போதாது. நியூஜெர்சியில் இம்மாதிரி வழக்கு மனுவில் தொகையைக் குறிப்பிடக் கூடாது என்று விதி இருப்பதால், "இவ்வளவு இருக்கும்" என்று பிரதிவாதியே மதிப்பிட்டுச் சொல்லிவிடலாம். அறிவிப்பில் நம்பும்படி சொன்னால் போதும், நாம் மறுத்தால்தான் ஆதாரம் காட்ட வேண்டும் என்று 2014இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இரண்டு அறுவை சிகிச்சை ஆன இடுப்பெலும்பு வழக்கில் தொகையைப் பற்றிச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை, அதை விட்டுவிடுங்கள். வழக்கு மாறிய பிறகு "எனக்கு 70,000 போதும்" என்று குறைத்துக்கொண்டாலும் திரும்பி வராது, 1938லேயே முடிந்துபோன விஷயம் அது. அப்படிச் சொல்லி நஷ்டப்பட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, சொந்த ஊர்ப் பிரதிவாதி விதி. இந்த உரிமை வெளியூர்க்காரனுக்கு உள்ளூர்க் கோர்ட்டில் பாதுகாப்பு தருவதற்காக வந்தது. பிரதிவாதியே நியூஜெர்சிக்காரன் என்றால் அவனுக்கு நியூஜெர்சி கோர்ட்டில் என்ன பயம்? அதனால் பிரதிவாதிகளில் ஒருவர் வழக்குப் போட்ட மாநிலத்தையே சேர்ந்தவராக இருந்து, அவருக்குச் சம்மன் முறையாகப் போய்ச் சேர்ந்திருந்தால், குடியுரிமை வேறுபாட்டைக் காட்டி வழக்கை மாற்ற முடியாது. உங்கள் வழக்கில் டிரைவர் எந்த ஊர்? டிரக்கில் சரக்கு ஏற்றிய கிடங்கு எந்த ஊர்? சரக்கை ஒழுங்காகக் கட்டாததால் பிரேக் பிடிக்கவில்லை என்று இருந்தால் அந்தக் கிடங்கும் நியாயமாகவே பிரதிவாதி ஆகலாம். நியாயமாகவே என்று அழுத்திச் சொல்கிறேன். மாற்றுவதைத் தடுப்பதற்காகவே சம்பந்தமில்லாத ஒருவரை இழுத்துப் போட்டால், அவரை இல்லாதவராக வைத்துக்கொண்டு ஃபெடரல் கோர்ட் வழக்கை வைத்துக்கொள்ளும்.

இதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. "சம்மன் போய்ச் சேர்ந்த" என்று சட்டம் சொல்வதால், பெரிய கம்பெனிகள் சில மாநிலக் கோர்ட்டின் ஆன்லைன் பதிவைத் தினமும் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. வழக்கு ஏறிய அன்றே, சம்மன் கைக்கு வருமுன்னே, ரிமூவல் அறிவிப்பைத் தாக்கல் செய்துவிடுகின்றன. நியூஜெர்சிக்கு மேலே உள்ள மூன்றாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் 2018இல் இதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. வார்த்தைப்படி அது சரியாக இருக்கலாம். அடிபட்ட ஒருவன் ஊர்க் கோர்ட்டுக்குப் போகும் உரிமையை ஓட்டப்பந்தயமாக்குவது சரி என்று எனக்குப் படவில்லை. ஆனால் இன்றைய நிலை அதுதான், அதனால் எங்கள் மாதிரி அலுவலகங்களில் உள்ளூர்ப் பிரதிவாதி இருந்தால் வழக்கு எண் கிடைத்த அதே நாளில் சம்மன் கொடுக்க ஆளை அனுப்பிவிடுகிறோம்.

பிரதிவாதிக்கும் கெடு உண்டு. சம்மன் முறையாகக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். வெறும் மரியாதைக்கு மனுவின் நகலை ஃபேக்ஸில் அனுப்பினால் கடிகாரம் ஓடாது, முறையாகச் சம்மன் போக வேண்டும் என்று 1999இல் முடிவானது. சம்மன் கிடைத்த எல்லாப் பிரதிவாதிகளும் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். கம்பெனி ஒன்று செய்ய, டிரைவர் சம்மதம் தெரிவிக்காமல் இருந்தால் அதுவே ஒரு குறை. அதனால் தம்பியின் வக்கீலிடம் சம்மன் கொடுத்ததற்கான சான்று எடுத்துவைக்கச் சொல்லுங்கள். யாருக்கு எந்தத் தேதியில் போனது என்பது அதில் இருக்கும்.

இப்போது நம் கெடு. இப்படி முறையில் குறை இருந்தால், தேதி தாண்டிவிட்டது, சம்மதம் இல்லை என்பது போன்றவை எதுவாக இருந்தாலும், ரிமூவல் அறிவிப்பு தாக்கலான நாளிலிருந்து 30 நாளுக்குள் ரிமாண்ட் மனுப் போட வேண்டும். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. உச்சியில் ஓடும் அந்தப் பட்டையில் மார்ச் 4 என்று இருந்தால் கெடு ஏப்ரல் 3. தாண்டினால் அந்தக் குறையை மன்னித்ததாக ஆகிவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் கடிதம் வந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள், ஐந்து நாள் வித்தியாசம். எதிர்தரப்பு 30 நாளைத் தாண்டித்தான் வழக்கை மாற்றியிருந்தது, கறுப்பு வெள்ளையில் இருந்தது, ஆனாலும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த அம்மாவுக்கு அதை விளக்கிச் சொன்ன அன்று மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதிலிருந்து ரிமூவல் அறிவிப்பு எதைப் பார்த்தாலும் அந்தப் பட்டையில் உள்ள தேதியைத்தான் முதலில் வட்டம் போடுகிறேன்.

ஃபெடரல் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை என்பது வேறு விஷயம். குடியுரிமை பொருந்திவிட்டது, தொகை எட்டவில்லை என்பவை அந்த வகை. அதற்கு 30 நாள் கணக்கு கிடையாது, தீர்ப்புக்கு முன் எப்போது தெரிந்தாலும் வழக்கைத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். நீதிபதி தானாகவே கேட்கவும் செய்வார். அதிகாரம் இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவருடையது, உங்களுடையது இல்லை. சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பும் பக்கமே கோர்ட் சாயும். கொஞ்சமும் அடிப்படை இல்லாமல் மாற்றியிருந்தால் அதை எதிர்த்த வக்கீல் செலவையும் அவர்களையே கட்டச் சொல்லலாம்.

சரி, எல்லாம் சரிபார்த்த பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது. திரும்பக் கொண்டுவருவது தம்பிக்கு நல்லதா? பொதுவாக வாதிக்கு நல்லதுதான் என்று நான் சொல்வேன். காரணம் ஜூரி. நியூஜெர்சி மாநிலக் கோர்ட்டில் இம்மாதிரி வழக்குக்கு ஆறு பேர் ஜூரி, அதில் ஐந்து பேர் ஒத்துக்கொண்டால் தீர்ப்பு. ஃபெடரல் கோர்ட்டில் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை ஒருவர் விடாமல் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். ஒரே ஒரு ஆள் "பின்னால் வந்து மோதினால் என்ன, முன்னால் போனவனும் பார்த்திருக்க வேண்டாமா" என்று உட்கார்ந்துவிட்டால் போயிற்று. ஜூரி ஆட்களும் ஒரே கவுண்டியிலிருந்து (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வராமல் பல கவுண்டிகளிலிருந்து வருவார்கள். எதிர்தரப்பு இந்தக் கணக்கைப் போட்டுத்தான் 405 டாலர் கட்டியிருக்கிறது. சமரசப் பேச்சில் அவர்கள் சொல்லும் தொகையிலும் இது தெரியும்.

மாறாதது என்ன என்பதையும் சொல்கிறேன், ஆறுதலாக இருக்கும். சட்டம் மாறாது. யார் மீது தப்பு, எவ்வளவு சதவீதம், வலிக்கும் வேதனைக்கும் பணம் உண்டா என்பதெல்லாம் ஃபெடரல் கோர்ட்டிலும் நியூஜெர்சி சட்டப்படிதான் முடிவாகும். இது 1938இல் ஈரி ரயில்வே வழக்கில் முடிவான விஷயம். நியூஜெர்சியில் விபத்து வழக்குக்கு இரண்டு வருடக் கெடு. மாநிலக் கோர்ட்டில் போட்ட தேதியே நிற்கும், வழக்கு மாறியதால் கெடு தாண்டிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. மாநிலக் கோர்ட்டில் ஜூரி வேண்டும் என்று மனுவிலேயே கேட்டிருந்தால் இங்கே மறுபடி கேட்க வேண்டியதில்லை. கேட்காமல் விட்டிருந்தால் உடனே கேட்கச் சொல்லுங்கள், அதற்குத் தனியாக ஒரு சின்னக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

எக்ஸ் மூன்றாவது கட்டத்தில் இருந்தால் மட்டும் உங்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2025 ஜனவரியில் வந்த ராயல் கேனின் தீர்ப்பு. மிசூரியில் ஒரு பெண்மணி, தன் நாய்க்கு வாங்கிய மருந்துச் சீட்டு உணவைப் பற்றி அந்தக் கம்பெனி மீது மாநிலக் கோர்ட்டில் வழக்குப் போட்டார். மனுவில் ஃபெடரல் சட்டமும் இருந்ததால் கம்பெனி அதை மாற்றிக்கொண்டுபோனது. அவர் மனுவைத் திருத்தி, ஃபெடரல் சட்டக் கோரிக்கைகளை எல்லாம் எடுத்துவிட்டு, மாநிலச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அப்படியானால் ஃபெடரல் கோர்ட்டுக்கு இனி அங்கே வேலை இல்லை, வழக்கு திரும்பிப் போக வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். தன் மனுவில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு வாதிதான் எஜமான் என்பது அதன் சாரம். ஆனால் உங்களுடையது நான்காவது கட்டம் என்றால் இது உதவாது.

இவ்வளவு எழுதிய பிறகு ரிமூவல் என்றாலே கம்பெனிகள் கையில் இருக்கும் ஆயுதம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம்தான் அதன் இன்னொரு முகத்தைப் படித்தேன். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 1866 உரிமைச் சட்டத்தில், தெற்கு மாநிலக் கோர்ட்டில் கறுப்பின மக்களுக்கு நியாயம் மறுக்கப்பட்டால் வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வழி வைத்தார்கள். கிரிமினல் வழக்குக்கும் சேர்த்து. 1963இல் அட்லாண்டாவில் வெள்ளையர் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பாடு கேட்டதற்காக அத்துமீறி நுழைந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞர்கள் அந்தக் கதவைத் தட்டினார்கள். 1966 ஜூன் 20 அன்று சுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. உணவகம் போன்ற இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுத்த 1964 சட்டம் அவர்களுக்குக் கொடுத்த உரிமைக்காகவே அவர்களைக் குற்றவாளி ஆக்கப் பார்க்கிறார்கள் என்று காட்டினால் வழக்கு மாறும் என்றது. அதே நாளில், மிசிசிப்பியில் வாக்காளர் பதிவுக்காக உழைத்துவிட்டு, தெருவை மறித்தார்கள் என்றெல்லாம் வழக்கு வாங்கியவர்களுக்கு அதே கோர்ட் கதவைச் சாத்தியது. உங்கள் மாநிலக் கோர்ட்டிலேயே போய் வாதாடுங்கள் என்று. ஒரே நாள், இரண்டு தீர்ப்பு. இரண்டையும் படித்தபோது, வழக்கு எந்தக் கோர்ட்டில் நடக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது.

ஃபெடரல் அதிகாரிகளுக்கும் தனிக் கதவு உண்டு. 1880இல் முடிந்த ஒரு வழக்கில், டென்னசியில் கள்ளச் சாராயத்தைப் பிடிக்கப் போன வரி அதிகாரி ஒருவர் சுட்டதில் ஆள் இறந்துபோனார். கொலை வழக்கை மாநிலக் கோர்ட்டிலிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அண்மையில் டிரம்பின் தலைமை அலுவலராக இருந்த மார்க் மெடோஸ் ஜார்ஜியா தேர்தல் வழக்கை மாற்றக் கேட்டது இதே கதவு வழியாகத்தான். 2023இல் மாவட்ட நீதிபதியும் அப்பீல் கோர்ட்டும் மறுத்துவிட்டன.

உங்கள் வழக்குக்கே வருகிறேன். நாளைக் காலை தம்பி வக்கீலிடம் கேட்க வேண்டியவை: அந்தப் பட்டையில் என்ன தேதி, கம்பெனிக்கும் டிரைவருக்கும் சம்மன் போன தேதிகள் என்ன, டிரைவரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா, கம்பெனி எல்எல்சி என்றால் பங்குதாரர்கள் யார் யார், சரக்கு ஏற்றிய கிடங்கு யாருடையது. தம்பி தன் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும் துல்லியமாகச் சொல்ல வேண்டும். வழக்குப் போட்ட அன்றைக்கும் அது மாற்றப்பட்ட அன்றைக்கும் அவருடைய நிலை என்ன, எச்1பியா, கிரீன் கார்டா. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தாலும் கணக்கில் வராது, கையில் வந்திருக்க வேண்டும்.

இவை எதிலும் குறை இல்லை என்று தெரிந்தால் நூவர்க்கிலேயே நடத்துங்கள், ரிமாண்டுக்காக நான்கைந்து மாதத்தை வீணாக்க வேண்டாம். எடிசனிலிருந்து ரயிலில் நூவர்க் பென் ஸ்டேஷன் அரை மணி நேரம் சொச்சம்தான், அங்கிருந்து வால்நட் தெருவில் உள்ள கோர்ட் பக்கம். இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள் என்றால் வாசலில் மெட்டல் டிடெக்டர் சத்தம் போடலாம், டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.